குமிழி விடாத பற்றரி: சார்ஜரை வடிவமைக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின்னர், வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. ரோச் லைற்றுக்குப் போடும் சாதாரண உலர்மின்கலம்கூடப் போர்ப் பொருளாகக் கணக்கிடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவில் பாடிய ரேடியோவும் அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாதவை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சூழ இருந்து செய்தி கேட்டார்கள். தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து, நாலைந்தை ஒன்றாகத் தொடுத்து, கடைசிச் சொட்டு மின்சாரத்தையும் பிழிந்தெடுத்தார்கள்.

அந்த ரேடியோவுக்கும் டைனமோவுக்கும் இடையில் பெரிய மின்சுற்று எதுவும் இருக்கவில்லை. டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலம்போலப் பற்றாசு பிடித்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். மற்றது வேகம். பெடலை வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறும், மெதுவாகச் சுற்றினால் இறங்கும். அதைச் சரிசெய்தது சுற்றியவரின் காது. ரேடியோவின் குரல் தேய்ந்தால் கையைக் கூட்டினார், கூடிப்போனால் குறைத்தார். மின்சுற்றுக்குள் இருக்கவேண்டிய கட்டுப்பாடு மனிதரிடம் இருந்தது.

வாகனங்களிலிருந்து கழற்றிய ஈய-அமிலப் பற்றரிகளும் அப்படித்தான் பராமரிக்கப்பட்டன. அளவுக்குமேல் சார்ஜ் ஏறினால் உள்ளே இருக்கும் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து குமிழி விடும். மூடியைத் திறந்தால் கொதிக்கும் சத்தம் கேட்கும், மூக்கில் அமிலம் ஏறும், பெட்டி சுடும். கண்டவர் வயரைக் கழற்றிவிட்டு, வடித்த நீரை ஊற்றிச் சமாளித்தார். பிழை விட்டால் அந்தப் பற்றரி முன்கூட்டியே சொல்லும். சொன்னபிறகு திருத்தவும் நேரம் தரும்.

இப்போது எங்கள் வீடுகளில் இருப்பது வேறு பற்றரி. ஜப்பானின் சோனி நிறுவனம் இலிதியம்-அயன் மின்கலத்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991இல். அதன் அடிப்படையை உருவாக்கிய ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கைத்தொலைபேசி, மடிக்கணினி, ரோச் லைற், தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் கருவி என்று பலவற்றுக்குள்ளும் இன்று இருப்பது இதுதான். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டில் ஒரு பற்றரியாவது இருக்கவேண்டும் என்ற எண்ணம் அதன்பின் பலருக்கு வலுத்தது. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய மின்கலங்களை அடுக்கி, விளக்குக்கும் மின்விசிறிக்கும் பற்றரி கட்டும் வேலை திருத்தகங்களிலும் வீடுகளிலும் நடக்கிறது.

இந்தப் பற்றரி குமிழி விடாது, மணக்காது. வெளியில் எந்த மாற்றமும் தெரியாமலே ஆபத்தான எல்லையைத் தாண்டிவிடும். தெரியவரும் நேரத்தில் பெரும்பாலும் திருத்துவதற்கு நேரம் இருக்காது. ஆகவே காதும் கண்ணும் மூக்கும் முன்பு செய்த காவலை இப்போது சார்ஜரின் சுற்றுத்தான் செய்யவேண்டும். அந்தச் சுற்று எதையெல்லாம் கவனிக்கவேண்டும் என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்க முயல்கிறது.

இரண்டு எல்லைகள்

மடிக்கணினிப் பற்றரியை உடைத்தால் விரல் தடிப்பில் உருளை மின்கலங்கள் வரும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டவை என்பதால் அவற்றை 18650 என்று அழைப்பார்கள். ஒரு மின்கலத்தின் சராசரி வோல்ற் 3.6 அல்லது 3.7. முழுதாக நிறைந்தால் 4.2. வெறுமையாகும்போது 3 வோல்ற்றுக்கு அருகில் வந்துவிடும். பெரும்பாலானவற்றை 2.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடக்கூடாது.

மேல் எல்லையில் விட்டுக்கொடுக்க இடமில்லை. 4.2 வோல்ற்றில் அனுமதிக்கப்படும் தவறு 0.05 வோல்ற் மட்டுமே. அதற்குமேல் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு முனையில் இலிதியம் உலோகமாகப் படியத் தொடங்கும். மற்ற முனையின் கட்டமைப்பு நிலைகுலைந்து ஒட்சிசனை வெளிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தீப்பற்றக்கூடிய திரவம். வெப்பம் வெப்பத்தைக் கூட்டும் நிலைக்கு வந்துவிட்டால், வயரைக் கழற்றினாலும் அது நிற்காது.

கீழ் எல்லை தாண்டினால் உடனடியாக ஒன்றும் நடக்காததுபோலத் தெரியும். நீண்டநாள் மிகக் குறைந்த வோல்ற்றில் கிடந்த மின்கலத்துக்குள் செப்புத் தகடு கரைந்து, மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது தேவையற்ற இடங்களில் படியும். அது உள்ளேயே குறுஞ்சுற்றாக மாறலாம். செத்த பற்றரியை உயிர்ப்பிப்பது எங்கள் சனத்தின் பழைய திறமை. இலிதியம் மின்கலத்தில் அந்தத் திறமையைக் காட்டக்கூடாது. 2 வோல்ற்றுக்குக் கீழே கிடந்ததை இன்னொரு பற்றரியிலிருந்து வயர் போட்டு எழுப்புவதைவிட எறிந்துவிடுவது இலாபம்.

மூன்று கட்டங்களாக ஏற்றுவது

ஒரு சரியான சார்ஜர் மின்கலத்தை மூன்று கட்டங்களாக நடத்தும்.

முதற்கட்டம் சோதனை. மின்கலம் ஏறத்தாழ 3 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் முழு மின்னோட்டத்தைக் கொடுக்காமல் அதன் பத்திலொரு பங்கை மட்டும் கொடுத்துப் பார்க்கும். வோல்ற் ஏறினால் அடுத்த கட்டம். ஏறாவிட்டால் அந்த மின்கலத்தில் பிழை இருக்கிறது.

இரண்டாவது கட்டத்தில் மின்னோட்டம் மாறாமல் இருக்கும், வோல்ற் மெல்ல மெல்ல ஏறும். எவ்வளவு மின்னோட்டம் என்பதை மின்கலத்தின் கொள்ளளவு தீர்மானிக்கிறது. 2000 மில்லி அம்பியர் மணித்தியாலம் கொண்ட புதிய மின்கலத்துக்குப் பொதுவாக அதன் பாதி, அதாவது 1 அம்பியர் கொடுக்கலாம். பழைய மின்கலமென்றால் அதிலும் பாதி, அரை அம்பியர் போதும்.

வோல்ற் 4.2ஐத் தொட்டதும் மூன்றாவது கட்டம். இப்போது சார்ஜர் வோல்ற்றை 4.2இல் பிடித்துவைத்திருக்கும், மின்னோட்டம் தானாகக் குறையும். ஆரம்ப மின்னோட்டத்தின் பத்திலொரு பங்குக்கு இறங்கியதும் சார்ஜர் முழுதாக நிறுத்திவிடவேண்டும். ஈய-அமிலப் பற்றரிக்குச் செய்வதுபோல இரவுபகலாகச் சிறிய மின்னோட்டத்தை ஓடவிடுவது இலிதியத்துக்கு ஆகாது.

ஒற்றை மின்கலத்துக்கு இதையெல்லாம் செய்யும் சிறு பலகை சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. அதன் நடுவில் இருக்கும் சில்லின் பெயர் ரீ.பீ. 4056. அதில் ஒரேயொரு தடையியின் பெறுமதிதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. 1.2 கிலோஓம் இருந்தால் 1 அம்பியர், அதை 2 கிலோஓமாக மாற்றினால் ஏறத்தாழ 0.58 அம்பியர். பலகை பெரும்பாலும் 1 அம்பியருக்கு அமைக்கப்பட்டே வருவதால், பழைய மின்கலத்துக்குப் பாவிப்பவர்கள் இந்த ஒரு தடையியை மாற்றிக்கொள்வது நல்லது.

இந்தப் பலகையில் மூன்று விடயங்களைத் தெரிந்திருக்கவேண்டும். யூ.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ற்றுக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ற்றுக்கும் உள்ள வித்தியாசம் முழுதும் சில்லில் வெப்பமாகிறது. 1 அம்பியரில் அது 1.3 வாற். நகமளவுச் சில்லுக்கு அது அதிகம் என்பதால் கைசுடும் அளவுக்குச் சூடாகும். அதை மின்கலத்தோடு ஒட்டிவைத்து நாடா சுற்றக்கூடாது. அடுத்தது, மின்கலத்தின் வெப்பநிலையை அளக்க இந்தச் சில்லில் ஒரு கால் இருக்கிறது. பொதுவாகக் கிடைக்கும் பலகைகளில் அந்தக் கால் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும், அதாவது வெப்பக் காவல் வேலை செய்யாது. கடைசியாக, சார்ஜ் ஏறும்போதே அதில் விளக்கை எரியவிட்டால் விளக்கு இழுக்கும் மின்னோட்டத்தையும் மின்கலம் இழுப்பதாகச் சில் எண்ணும். மின்னோட்டம் பத்திலொரு பங்குக்கு இறங்காததால் சார்ஜ் நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காது.

மொத்தக் கணக்கு மறைக்கும் உண்மை

12 வோல்ற் விளக்கோ விசிறியோ ஓட்ட ஒரு மின்கலம் போதாது. மூன்றைத் தொடராக இணைக்கிறார்கள். முழு வோல்ற் மூன்று தரம் 4.2, அதாவது 12.6. அதற்கு 12.6 வோல்ற் சார்ஜர் ஒன்றைப் போட்டால் போதுமா?

மூன்று மின்கலமும் எல்லாவகையிலும் ஒன்றாக இருந்தால் போதும். பழைய மின்கலங்கள் ஒருபோதும் அப்படி இருப்பதில்லை. பலவீனமானது விரைவில் நிறையும். 4.35, 4.15, 4.10 என்று மூன்றும் நின்றாலும் கூட்டினால் 12.60 தான் வரும். பல்மானியைப் பற்றரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே ஒரு மின்கலம் எல்லை தாண்டியிருக்கும். ஒவ்வொரு முறை சார்ஜ் ஏற்றும்போதும் அதே மின்கலம்தான் அடி வாங்கும். அதனால் இன்னும் பலவீனமாகும். அடுத்தமுறை இன்னும் முந்தி நிறையும்.

இதற்காகத்தான் பீ.எம்.எஸ். என்று கடைகளில் சொல்லும் காவற் பலகை. மின்கலங்கள் ஒன்றோடொன்று சேரும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் அதற்கு ஒரு வயர் போகும். எந்த ஒரு மின்கலமாவது 4.25 முதல் 4.3 வோல்ற்றை எட்டினால் முழுப் பற்றரியையும் சார்ஜரிலிருந்து துண்டிக்கும். சமப்படுத்தும் வசதியும் இருந்தால், முந்தி நிறைந்த மின்கலத்தின் மேலதிக மின்சாரத்தை ஒரு தடையி வழியாக மெல்ல எரித்து, மற்றவை வந்துசேரும்வரை தாமதிக்கும். மலிவான பலகைகள் பலவற்றில் இந்தச் சமப்படுத்தும் பகுதி இல்லை. வாங்கும்போது கேட்டு வாங்கவேண்டிய பொருள் இது.

காவற் பலகை சார்ஜர் ஆகாது என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும். அது கடைசிக் கதவு. நாளாந்தம் சார்ஜை நிறுத்தும் வேலையைச் சார்ஜர் செய்யவேண்டும். சார்ஜர் தவறினால் மட்டுமே காவற் பலகை குறுக்கிடவேண்டும். 'பலகை இருக்கிறதுதானே' என்று கிடைத்த அடப்டரை நேராகப் போடுபவர், இரண்டு காவலில் ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

சூரியத் தகட்டுக்குப் போட்ட கணக்கு

மின்கம்பி போகாத இடங்களில் சூரியத் தகட்டுப் பாவனை எங்களுக்குப் பழக்கமானது. அதற்கென்று கடைகளில் விற்கும் மலிவான சார்ஜ் கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் 12 வோல்ற் ஈய-அமிலப் பற்றரியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவை 14.4 வோல்ற்வரை ஏற்றும். ஈய-அமிலப் பற்றரிக்கு அது சரியான அளவு.

அதையே மூன்று மின்கலங்கள் கொண்ட இலிதியம்-அயன் பற்றரியில் மாட்டினால் என்ன நடக்கும்? 14.4ஐ மூன்றால் வகுத்தால் 4.8. இரண்டிலும் '12 வோல்ற்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து இணைப்பவர், ஒவ்வொரு மின்கலத்தையும் எல்லைக்கு மேலே 0.6 வோல்ற் தள்ளப் பார்க்கிறார். கட்டுப்படுத்தியே இல்லாமல் தகட்டை நேராக இணைத்தால் நிலைமை இன்னும் மோசம். '12 வோல்ற்' தகடு சுமையில்லாமல் வெயிலில் 20 வோல்ற்றுக்கு மேலும் காட்டும்.

சூரியத் தகட்டோடு நீண்டகாலம் பாவிக்கப் பற்றரி கட்டுபவர்களுக்கு வேறொரு வழி உண்டு. இலிதியம் இரும்பு பொசுபேற்று என்ற வகை மின்கலத்தின் சராசரி வோல்ற் 3.2, முழு வோல்ற் 3.65. நான்கைத் தொடராக இணைத்தால் 14.6. 14.4 வோல்ற் அதன் எல்லைக்குள்ளேயே நிற்கிறது, மின்கலமொன்றுக்கு 3.6 வரும். வெப்பத்தையும் மற்ற வகையைவிட நன்றாகத் தாங்கும். பாரம் கூடியது. இருந்தும் படுக்கையில் இருப்பவரின் அறைக்கோ பிள்ளைகள் படுக்கும் அறைக்கோ என்றால் இந்த வகையையே தெரிவுசெய்வது நல்லது. இதற்கும் அதற்கே உரிய காவற் பலகை வேண்டும். கட்டுப்படுத்தியில் இலிதியம் இரும்பு பொசுபேற்றுக்கான தெரிவு இருந்தால் அதையே பாவிக்கவேண்டும்.

ஒரு சிறு பற்றரிக்கான கணக்கு

மின்வெட்டு நேரத்தில் 5 வாற் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை எரிக்கப் பற்றரி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 2000 மில்லி அம்பியர் மணித்தியாலம் அளவிடப்பட்ட ஆறு பழைய மின்கலங்கள். இரண்டிரண்டாகச் சமாந்தரமாக இணைத்து, அந்த மூன்று சோடிகளையும் தொடராக இணைக்கிறோம். கொள்ளளவு 4 அம்பியர் மணித்தியாலம், சராசரி வோல்ற் ஏறத்தாழ 11. பெருக்கினால் 44 வாற் மணித்தியாலம். முழுதாக இறக்காமல் ஐந்தில் நான்கு பங்கைப் பாவித்தால் விளக்கு ஏழு மணித்தியாலம் எரியும்.

மின்கலங்கள் பழையவை என்பதால் சார்ஜ் மின்னோட்டம் கொள்ளளவின் காற்பங்கு, 1 அம்பியர். ஆகவே தேடவேண்டியது 12.6 வோல்ற், 1 அம்பியர் என்று குறிக்கப்பட்ட, இலிதியத்துக்கென்றே செய்யப்பட்ட சார்ஜர். வெறும் 12 வோல்ற் அடப்டர் இதற்கு ஆகாது. நிறைய ஐந்து மணித்தியாலமளவில் எடுக்கும். சமப்படுத்தும் வசதியுள்ள மூன்று மின்கலக் காவற் பலகை ஒன்றும், பற்றரியின் நேர்முனையோடு 3 அம்பியர் உருகி ஒன்றும் சேர்த்தால் சுற்று முழுமையாகும்.

ஆறு மின்கலங்களையும் தெரிவதில்தான் பாதி வேலை. 2.5 வோல்ற்றுக்குக் கீழே கிடந்தவை, உறை கிழிந்தவை, நசிந்தவை, துருப்பிடித்தவை வேண்டாம். சார்ஜ் ஏறும்போது சூடாகுபவையும் வேண்டாம். மீதியை நிறையச் சார்ஜ் செய்து இரண்டு கிழமை சும்மா வைத்துவிட்டு வோல்ற்றை அளந்தால், தானாக இறங்கிப்போனவை தெரியவரும். அவற்றையும் விலக்கி, கொள்ளளவு ஏறத்தாழ ஒத்தவற்றை மட்டும் சோடி சேர்க்கவேண்டும். மின்கலத்தின்மேல் நேராகப் பற்றாசு பிடித்தால் அந்த வெப்பமே உள்ளே சேதம் விளைவிக்கும். நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்டிங் செய்யும் கருவியுள்ள திருத்தகத்தில் கொடுத்துச் செய்வது பாதுகாப்பு.

சூடும் இடமும்

இலிதியம்-அயன் மின்கலத்தைச் சார்ஜ் ஏற்றக்கூடிய வெப்பநிலை பொதுவாக 0 முதல் 45 பாகை செல்சியஸ். கீழ் எல்லையைப் பற்றி எங்கள் ஊரில் கவலையில்லை. மேல் எல்லை வேறு கதை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்கு மேல் வைத்த பற்றரி, சார்ஜ் ஏறத் தொடங்கும் முன்பே அந்த எல்லையை நெருங்கிவிடலாம். நல்ல சார்ஜரில் வெப்பத்தால் மாறும் தடையி ஒன்று மின்கலத்தோடு ஒட்டியிருக்கும். எல்லை தாண்டினால் சார்ஜ் தானாக நிற்கும். அது இல்லாத சார்ஜரென்றால் இடத்தையும் நேரத்தையும் நாங்கள்தான் தெரியவேண்டும்: காற்றோட்டமுள்ள, நிலத்தோடு சேர்ந்த சீமெந்துத் தரையில், ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில்.

இங்கேதான் இந்தப் பேச்சு வெறும் மின்சுற்றுப் பாடமாக நின்றுவிடாமல் எங்கள் வீடுகளுக்குள் வருகிறது. போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களும் கால்களை இழந்தவர்களும் வாழும் வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையின் பம்பிக்கும், இரவு விளக்குக்கும், அழைக்கும் தொலைபேசிக்கும் மின்சாரம் வேண்டும். மின்வெட்டு அவர்களுக்கு வெறும் இருட்டு மட்டுமாக இருக்காது. ஆகவே அந்த வீடுகளில்தான் பற்றரியின் தேவையும் கூட. எழுந்து ஓட முடியாதவரின் கட்டிலுக்குக் கீழே வசதிக்காக அதை வைப்பதும் அங்கேதான் நடக்கக்கூடும். பற்றரி கட்டிக்கொடுப்பவரும் அன்பளிப்பாகக் கொடுப்பவரும் நீளமான வயர் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். விளக்கும் ஆளியும் கட்டிலருகே இருக்கலாம். பற்றரியும் சார்ஜரும் வாசற்பக்கம், ஆள் வெளியேறும் வழியை மறிக்காத இடத்தில் இருக்கவேண்டும்.

மின்கலம் ஊதினாலோ, இனிப்பான கரைப்பான் மணம் வந்தாலோ, சீறும் சத்தம் கேட்டாலோ, முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். அந்தப் புகை நச்சு. கிட்டப் போகாமல் பிரதான ஆளியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டபின் சிறிய பற்றரியின் தீயை நிறையத் தண்ணீரால் குளிரவைக்கலாம். அணைந்ததுபோலத் தெரிந்தாலும் மீண்டும் பற்றக்கூடும் என்பதால் அதை வீட்டுக்குள் எடுத்துவரக்கூடாது.

பல்மானியோடு ஐந்து நிமிடம்

கட்டிய பற்றரியோ வாங்கிய பற்றரியோ, பாவனைக்கு எடுக்குமுன் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஒரு பல்மானி போதும்.

சார்ஜரை மின்சாரத்தில் மாட்டி, பற்றரியோடு இணைக்காமல் அதன் முனைகளை அளவுங்கள். மூன்று மின்கலப் பற்றரிக்கான சார்ஜர் 12.6 வோல்ற் காட்டவேண்டும். 12.75க்கு மேல் காட்டினால் மின்கலமொன்றுக்கு 4.25 தாண்டுகிறது. அந்தச் சார்ஜர் வேண்டாம்.

பற்றரி நிறைந்தபின் ஒவ்வொரு சோடி மின்கலத்தையும் தனித்தனியே அளவுங்கள். எதுவும் 4.25ஐத் தாண்டக்கூடாது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் 0.05 வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. 0.1ஐத் தாண்டினால் ஒரு சோடி பின்தங்குகிறது, அதை மாற்றும்வரை பாவனையை நிறுத்துங்கள். மாதமொருமுறை இந்த அளவைக் கொப்பியொன்றில் எழுதிவைத்தால், எந்தச் சோடி மெல்ல விலகுகிறது என்பது பிரச்சினை வருமுன்பே தெரியவரும்.

திருத்தகத்தில் கட்டக் கொடுப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: சார்ஜர் எத்தனை வோல்ற்றில் நிறுத்தும்? காவற் பலகையில் சமப்படுத்தும் வசதி இருக்கிறதா? வெப்பத்தை எது கவனிக்கிறது? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லும் திருத்துநரிடம் சில நூறு ரூபா கூடப் போனாலும் வேலையைக் கொடுக்கலாம்.